பொரியல் தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்?

"எனக்கு 59 வயது, மதுரை. வீட்டுக்காரருக்கு 64. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, மாத்திரையில் ஓடுகிறது. டல்லாஸில் இருக்கும் மருமகள் லீவுக்கு வந்து இரண்டு மாதம் தங்கிப் போனாள். நல்ல பெண்தான், அக்கறையில்தான் சொல்கிறாள். நாம் காய்கறியை வேகவைத்தே கொன்றுவிடுகிறோமாம், சத்தெல்லாம் செத்துப்போகிறதாம். காலையில் ஏபிசி (ஆப்பிள், பீட்ரூட், கேரட்) ஜூஸ் இல்லாவிட்டால் சுரைக்காய் ஜூஸ், மத்தியானம் பச்சைக் காய்கறியும் முளைகட்டிய பயறும், எண்ணெய் ஒரு சொட்டு கூடாது, வாரம் மூன்று நாள் கேல் என்ற கீரை அல்லது பிராக்கலி என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். இவர் 'நான் என்ன ஆடா மாடா?' என்கிறார். நான் பீன்ஸை நிறையத் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு வேகவைத்து, வடித்து, தேங்காய் தூவி இறக்குவேன். பச்சைப்பசேல் என்று இருக்கும். முப்பத்தைந்து வருடமாகத் தப்பாகவா சமைத்துப் போட்டேன்?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள மதுரை வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, தப்பாகச் சமைக்கவில்லை. ஆனால் இரண்டு இடத்தில் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. ஒன்று சிங்க் பக்கத்தில், இன்னொன்று தட்டில். மருமகள் எழுதிய தாளில் பாதியை அடித்துவிடலாம். மீதிப் பாதிக்காக அவளுக்கு நன்றி சொல்லலாம்.

சிங்க் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். வெந்த பீன்ஸை வடிதட்டில் கொட்டும்போது கீழே ஓடும் தண்ணீரை என்றைக்காவது ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? இளம்பச்சையாக, லேசான பீன்ஸ் வாசனையோடு இருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வைட்டமின் சி, ஃபோலேட், பொட்டாசியம் இவற்றில் கணிசமான பங்கு அந்தக் கிண்ணத்தில்தான் கிடக்கிறது. வைட்டமின் சி சூட்டிலும் காற்றிலும் அழியும் என்பது உண்மைதான். ஆனால் பொட்டாசியம், மெக்னீசியம் போன்ற தாதுக்களை எந்த அடுப்பும் எரித்துவிட முடியாது. அவை இடம்தான் மாறுகின்றன, காயிலிருந்து தண்ணீருக்கு. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. சாம்பாரிலும் கூட்டிலும் அது தட்டுக்கே வந்துவிடுகிறது. கூட்டு, அவியல், மசியல் செய்கிற வீட்டில் "வேகவைத்தால் சத்து போச்சு" என்ற பேச்சுக்குப் பெரிய இடமில்லை. பீன்ஸும் கோஸும் வடித்துப் பொரியல் செய்யும் வீட்டில்தான் இடமிருக்கிறது.

அப்புறம் அந்த ஆப்பசோடா. பச்சை நிறத்துக்குக் காரணமான குளோரோஃபில்லின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. காய் வேகும்போது அதன் உள்ளேயிருந்தே வெளிவரும் புளிப்பு அமிலங்கள் அந்த மெக்னீசியத்தைத் தள்ளிவிடும். அப்போதுதான் பீன்ஸ் பழுப்பு கலந்த பாசி நிறத்துக்கு மாறுகிறது. சோடா அமிலத்தை முறித்துவிடுவதால் பச்சை நிற்கிறது. நிறம் மட்டும்தான் நிற்கிறது. சோடாவின் காரத்தன்மை ஏறிய தண்ணீரில் வைட்டமின் சியும் பி1-உம் வேகமாக அழியும். காய் சீக்கிரம் குழைந்துபோவதும் அதனால்தான். கல்யாண வீட்டுச் சமையலில் முந்நூறு பேருக்குப் பச்சைப்பசேல் என்று பரிமாற ஒரு சமையல்காரர் சோடா போட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வீட்டில் இரண்டு பேருக்கு எதற்கு?

அதற்குப் பதில் இப்படிச் செய்து பாருங்கள். இரும்புச் சட்டியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, வற்றல், கறிவேப்பிலை தாளித்து, பொடியாக நறுக்கிய பீன்ஸைப் போட்டு ஒரு நிமிடம் புரட்டுங்கள். கால் கிலோவுக்கு அரை டம்ளர் தண்ணீர் தெளித்து உப்பு போடுங்கள். மூடாமல் வேகவிடுங்கள். மூடி இல்லாவிட்டால் அந்த அமிலத்தில் ஆவியாகும் பகுதி வெளியேறிவிடும், பச்சை ஓரளவு தங்கும். காய் வெந்து முடியும்போது தண்ணீரும் வற்றியிருக்க வேண்டும். வடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அளவு கைக்குப் பழக நாலைந்து நாள் ஆகும். முதல் நாள் அடிபிடித்தால் என்னைத் திட்டாதீர்கள்.

பச்சையாகத் தின்றால்தான் சத்து என்பது காயைப் பொறுத்தது. தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2002-இல் தக்காளியை 88 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். வைட்டமின் சி 29 சதவீதம் குறைந்தது. ஆனால் தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைகோபீன் சமைக்காத தக்காளிப்பழத்தில் கிடைத்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கிடைத்தது. சூட்டில் செல்சுவர் உடைந்து, உள்ளே பூட்டிக் கிடந்தது வெளியே வருகிறது. இத்தாலிக்காரர்கள் தக்காளியை ஆலிவ் எண்ணெயில் மெல்லிய தீயில் மணிக்கணக்கில் சுண்டவைப்பதும், நீங்கள் தக்காளித் தொக்கு எண்ணெய் பிரிய வதக்குவதும் இந்த விஷயத்தில் ஒரே வேலைதான். கேரட், பரங்கிக்காய், கீரையில் இருக்கும், உடம்பில் வைட்டமின் ஏ-ஆக மாறும் கரோட்டினும் அப்படியே. வெந்தால் நமக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

கூடவே கொஞ்சம் எண்ணெயும் வேண்டும். "எண்ணெய் ஒரு சொட்டு கூடாது" என்ற வரியை இன்றைக்கே அடித்துவிடச் சொல்வது இதனால்தான். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004-இல் ஒரே சாலட்டைக் கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங்கோடும், எண்ணெய் கலந்த டிரெஸ்ஸிங்கோடும் சிலருக்குக் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். கொழுப்பில்லாமல் சாப்பிட்டபோது கரோட்டின் ரத்தத்தில் ஏறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது. கரோட்டின் கொழுப்பில் கரைவது. கரைத்துக் கொண்டுபோக ஆள் வேண்டும். ஆளுக்கு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் அல்லது கடலெண்ணெய் போதும், அதற்குமேல் ஊற்றினால் இடுப்பில்தான் ஏறும்.

உலகத்தில் காய்கறி நன்றாகச் சாப்பிடுகிற ஊர்களைப் பார்த்தால் பச்சையாகத் தின்பவர்கள் என்று யாரும் தனியாக இல்லை. கிரீஸில் கிரீட் தீவில் மலைச்சரிவில் தானாக முளைக்கும் கீரைகளைப் பறித்து வேகவைத்து, ஆலிவ் எண்ணெயை ஊற்றி எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிடுவார்கள். ஹோர்த்தா என்று பெயர். அந்த எலுமிச்சையை ருசிக்கு என்று மட்டும் நினைக்காதீர்கள். கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது. நம் வீட்டில் கீரை மசியலுக்குப் பிறகு ஒரு துண்டு எலுமிச்சை பிழிந்துகொள்ளும் பழக்கம் இல்லை, வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட கையோடு டிகிரி காபி குடித்தால் அந்த இரும்பில் பெரும்பகுதி வீண். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கே திரும்பி வருகிறேன், அதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் காலர்ட் என்ற கோஸ் வகைக் கீரையை நெடுநேரம் வேகவைப்பார்கள். வெந்த தண்ணீருக்கு பாட் லிக்கர் என்று பெயர். அடிமை முறை இருந்த காலத்தில் எஜமானர் மேசைக்குக் கீரை போகும், சமைத்தவர்களுக்குத் தண்ணீர் மிஞ்சும் என்று சொல்வார்கள். சோளரொட்டியை அதில் நனைத்துச் சாப்பிட்டார்கள். சத்துக் கணக்கில் பார்த்தால் சமையற்கட்டில் மிஞ்சியதும் மட்டமில்லை. பிற்பாடு அது எல்லோருக்கும் பிடித்த சாப்பாடாகிவிட்டது. 1931-இல் சோளரொட்டியை அதில் முக்கிச் சாப்பிட வேண்டுமா, உதிர்த்துப் போட வேண்டுமா என்று லூசியானா கவர்னர் ஹியூ லாங்குக்கும் அட்லாண்டா பத்திரிகை ஒன்றுக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது. அவர் முக்கும் கட்சி. 1935-இல் செனட்டில் ஒரு மசோதாவை இழுத்தடிக்க அவர் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பேசியபோது, இடையில் பாட் லிக்கர் செய்முறையையும் நிதானமாகச் சொன்னார். கீரை வெந்த தண்ணீருக்கு இதைவிடப் பெரிய மரியாதை எங்கும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. என் அம்மா தண்டுக்கீரை வடித்த தண்ணீரில் மிளகு, சீரகம் தட்டிப் போட்டு ரசம் வைப்பார். பள்ளிக்கூட நாட்களில் அதைப் பார்த்தாலே ஓடுவேன். இப்போது நோயாளிகளுக்கு அதைத்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு வருடச் சர்க்கரை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் பரிசோதனைகளை, அதாவது ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும், கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. சிறுநீரகம் தளர்ந்து பொட்டாசியம் ஏறியிருந்தால் நான் மேலே சொன்னது தலைகீழாகிவிடும். அவர்களுக்குக் காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுவதுதான் சரியான முறை. அந்தத் தண்ணீரை ரசம் வைத்தால் ஆபத்து. அதே மாதிரி இருதயத்துக்காக வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தோடு மோதும். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு சமையல் மாற்றம்.

சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர்களும் சிலவற்றை வடித்துத்தான் ஆக வேண்டும். ஜப்பானியர்கள் பசலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி, குளிர்ந்த நீரில் அலசி, பிழிந்து, பிறகுதான் சோயா கலந்த சாற்றில் ஊறவைப்பார்கள். பசலையின் ஆக்சலேட்டில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். நாக்கில் மாவு பூசியது போன்ற உணர்ச்சி குறையும், கல் அடைப்பு வந்தவர்களுக்கும் நல்லது. மரவள்ளிக் கிழங்கையும் வேகவைத்த தண்ணீரைக் கொட்டித்தான் சாப்பிட வேண்டும். அதில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்திலும் கேரளத்திலும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, கை தானாகக் கொட்டிவிடும்.

சரி, கேலுக்கு வருவோம். உங்கள் மருமகள் வாழும் ஊரில் கேல் என்றால் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்களின் கீரை. கென்யாவில் அதே குடும்பத்துக் கீரைக்குப் பெயர் சுகுமா விக்கி. சுவாஹிலி மொழியில் "வாரத்தைத் தள்ளு" என்று பொருள். சம்பளம் வரும்வரை கையில் இருக்கும் காசில் வாரத்தை ஓட்ட உதவுகிற கீரை அது. வெங்காயம், தக்காளி போட்டு எண்ணெயில் வதக்கி, மக்காச்சோள மாவில் கிண்டிய உகாலிக் களியோடு சாப்பிடுவார்கள். அங்கே ஏழைக்கு வாரம் தள்ளுவது, இங்கே கண்ணாடிக் கதவு போட்ட கடையில் ஒரு சின்னக் கட்டு வாங்கவே யோசிக்க வைக்கிறது.

நம் முருங்கைக்கீரைக்கும் இப்படி ஒரு பயணம் உண்டு. பிலிப்பைன்ஸில் அதை மலுங்காய் என்பார்கள். கோழியும் இஞ்சியும் போட்ட டினோலா என்ற சாற்றில் கடைசியில் உருவிப் போட்டுப் பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கொடுப்பார்கள். ஆப்பிரிக்காவில் நைஜரில் வேகவைத்த முருங்கைக்கீரையில் நிலக்கடலைப் பிண்ணாக்கைப் பொடித்துப் போட்டு, வெங்காயம் சேர்த்துப் பிசைந்து விற்பார்கள். கோப்டோ என்று பெயர். நானே ஒருமுறை வறுத்த கடலைப்பொடி போட்டுச் செய்து பார்த்தேன், பிள்ளைகள் சண்டை போட்டுச் சாப்பிட்டார்கள். நீங்களும் பாருங்கள், கசப்பு அடங்கிவிடுகிறது. நூறு கிராம் முருங்கைக்கீரையில் கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பாலில் அதில் பாதிகூட இல்லை. ஆனால் வாட்ஸப்பில் வரும் "பாலைவிடப் பதினேழு மடங்கு கால்சியம்" கணக்கை நம்பாதீர்கள். அது காயவைத்த பொடியைத் தண்ணீர் நிறைந்த பாலோடு எடைக்கு எடை ஒப்பிட்டது. பொடியை ஒருவேளைக்கு ஒரு ஸ்பூன்தான் சாப்பிடுவோம், பாலை டம்ளரில் குடிப்போம்.

பிராக்கலி கெட்டதில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூக்கல், டர்னிப் எல்லாம் அதன் சொந்தக்காரர்களே. பிராக்கலியில் பேசப்படும் சல்ஃபோராஃபேன் என்ற பொருள் காயில் நேரடியாக இல்லை. நறுக்கும்போது செல்கள் உடைந்து ஒரு நொதி (என்சைம்) வேலை செய்துதான் உண்டாகிறது. உடனே வேகவைத்தால் நொதி செத்துவிடும். நறுக்கி முக்கால் மணி நேரம் வைத்திருந்து சமைத்தால் அதற்குள் உண்டாகிவிடும். வெந்த பிராக்கலியில் கடுகுப்பொடி தூவினாலும் அந்த நொதி கடுகிலிருந்து கிடைக்கிறது என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். "பார்த்தீர்களா, அதற்குத்தான் நம் முன்னோர் பொரியலில் கடுகு தாளித்தார்கள்" என்று உடனே யாராவது ஆரம்பிப்பார்கள். இல்லை. எண்ணெயில் வெடித்த கடுகில் அந்த நொதி உயிரோடு இருக்காது. வங்காளத்தில் பச்சைக் கடுகை அரைத்துச் செய்யும் காசுந்தி என்ற விழுதில் வேண்டுமானால் இருக்கலாம். முன்னோருக்கு மணம் பிடித்திருந்தது, அதுவே போதுமான காரணம்.

இன்னொன்று, நாட்டுக்காய்தான் உடம்புக்கு ஏற்றது என்று எதிர்ப்பக்கமும் போய்விடாதீர்கள். நீங்கள் கூட்டு வைக்கும் சௌசௌ மெக்சிகோவிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கு பெரு நாட்டு மலையில் பிறந்தது, மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. சௌசௌவின் கிழங்கை மெக்சிகோவில் வேகவைத்துத் தின்கிறார்கள். கொடியின் இளந்தளிரைத் தைவானில் பூண்டு போட்டு வதக்குகிறார்கள், அதற்கு "டிராகன் மீசை" என்று பெயர். நாம் காயை மட்டும் பறித்துக்கொண்டு கொடியை ஆட்டுக்குப் போடுகிறோம். உங்கள் வீட்டுக்காரர் கேட்ட "ஆடா மாடா" கேள்விக்கு அந்த ஆடு கொடுத்துவைத்தது என்று சொல்லலாம்.

இப்போது ஜூஸும் முளைப்பயறும். இவற்றில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். ஆப்பிள், பீட்ரூட், கேரட்டை அடித்து வடிகட்டினால் நார் சக்கையாகப் போய்விடும், சர்க்கரை டம்ளரில் தங்கும். மென்று தின்றால் பத்து நிமிடம் பிடிக்கும் காயை அரை நிமிடத்தில் குடித்துவிடலாம். சர்க்கரைக்காரருக்கு இதைவிட மோசமான ஏற்பாடு வேண்டியதில்லை. சுரைக்காய் ஜூஸ் அதைவிட மோசம். 2010-இல் தில்லியில் கசப்பான சுரைக்காய்ச் சாற்றைக் குடித்த ஒருவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரி குடும்பத்தில் சில காய்களில் குக்குர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு ஏறிவிடும். பார்த்தால் தெரியாது. நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறியுங்கள். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பாகற்காயின் கசப்பு வேறு, அதற்குப் பயம் வேண்டாம். ஆனால் பாகற்காய் சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று மாத்திரையை நிறுத்தியவர்களை நான் ஐசியூ வாசலில் பார்த்திருக்கிறேன். அப்படி நம்பப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012 தொகுப்பும் சொன்னது. பொரியலாகச் சாப்பிடட்டும், மருந்தாக வேண்டாம்.

முளைப்பயறு நல்லதுதான், ஆனால் ஆவியில் காட்டிச் சாப்பிடுங்கள். 2011-இல் ஜெர்மனியில் ஈ கோலை என்ற கிருமியால் நாலாயிரம் பேர்வரை படுத்தார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய்மேல் பழி போட்டார்கள், விவசாயிகள் டன் கணக்கில் காயை அழித்தார்கள். கடைசியில் பார்த்தால் வட ஜெர்மனியில் ஒரு இயற்கைப் பண்ணையில் முளைகட்டிய வெந்தயம்தான் காரணம். முளைகட்ட விதைக்குத் தேவையான வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் பிடித்தமானவை. மதுரை வெயிலில் சொல்லவே வேண்டாம். வெள்ளரி, கேரட், முள்ளங்கி, வெங்காயம் இவற்றைப் பச்சையாகச் சாப்பிடுங்கள், ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி. பாசிப்பருப்பு போட்ட கேரட் கோசுமல்லியைவிட நல்ல சாலட்டை நான் எந்த ஹோட்டலிலும் சாப்பிட்டதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் தட்டில் இருக்கிறது. என் அறையில் ஒரு சமையல் தராசு வைத்திருக்கிறேன். வருகிறவர்களை வீட்டிலிருந்து மத்தியானச் சாப்பாடு கொண்டுவரச் சொல்லி, வழக்கம்போலத் தட்டில் பரிமாறச் சொல்வேன். போன மாதம் ஒருவர் பரிமாறினார். சோறு 380 கிராம், அதன் ஓரத்தில் கோஸ் பொரியல் 45 கிராம். சாம்பாரில் இரண்டு முருங்கைக்காய்த் துண்டு, அதையும் சப்பிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடுவோம். காலையில் இட்லி சட்னி, ராத்திரி தோசை சட்னி. "நான் சுத்த சைவம் சார், காய்கறிதான் சாப்பிடுகிறேன்" என்றார். கூடவே வந்த அவர் மனைவி தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். நாம் சோறு சாப்பிடுகிறவர்கள், காய் தொட்டுக்கொள்கிறவர்கள். "தொட்டுக்க என்ன?" என்றுதானே கேட்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் காயும் பழமும் சேர்த்துத் தினம் குறைந்தது 400 கிராம் என்கிறது. உருளை, மரவள்ளி போன்ற மாவுக்கிழங்குகள் அதில் சேராது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நமக்குச் சொல்வது இன்னும் கூடுதல், காய் 400 கிராம், பழம் 100. ஜப்பான் அரசு காய்க்கு மட்டும் 350 கிராம் என்று இலக்கு வைத்திருக்கிறது, சின்னச் சின்னக் கிண்ணமாக நாலு வகை வைத்துச் சாப்பிடும் அவர்களே சராசரியில் அதை எட்டவில்லை. ஆகவே குற்ற உணர்ச்சி வேண்டாம், கணக்கு மட்டும் போடுங்கள். உங்கள் இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 800 கிராம் என்றால் வாரத்துக்கு ஐந்தரைக் கிலோவுக்கு மேல். இந்த வாரம் வாங்கிய பையின் எடை என்ன? தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-இல் திறந்ததே உங்கள் ஊர் அண்ணா நகரில்தான். பிராக்கலிக்குக் கொடுக்கும் காசில் அங்கே பை நிறையும்.

பையில் வந்ததை மூன்று வேளைக்கும் பிரித்துவிடுங்கள். இட்லிக்குச் சட்னியோடு காய் நிறையப் போட்ட சாம்பார், ராத்திரி இரண்டு தோசையோடு ஒரு கிண்ணம் கூட்டு. மத்தியானம் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் இரண்டு கரண்டி பொரியல். சாப்பிடும் வரிசையையும் மாற்றுங்கள். முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டு, பிறகு சோறு. நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-இல் சர்க்கரை உள்ள பதினோரு பேருக்கு ஒரே உணவை இரண்டு வரிசையில் கொடுத்தார்கள். காயும் கோழியும் முதலில் தின்று ரொட்டியைக் கடைசியில் தின்றபோது, ஒரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக இருந்தது. பதினோரு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் இதைச் செய்து பார்க்கக் காசு ஆகாது, கெடுதலும் இல்லை. ஒன்றே ஒன்று, சோறு குறையும்போது சில மாத்திரைகளில் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மாற்றத்தை ஆரம்பிக்கும் முன் அவருடைய டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வியர்வை, படபடப்பு, கை நடுக்கம் வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டு வையுங்கள்.

அவரைச் சாப்பிட வைப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். 1768-இல் கேப்டன் குக் எண்டெவர் கப்பலில் கிளம்பியபோது, மாலுமிகளுக்கு வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வராமலிருக்கப் பீப்பாய் பீப்பாயாக உப்பில் புளிக்கவைத்த முட்டைக்கோஸை ஏற்றிக்கொண்டார். வைட்டமின் சி என்ற பெயர்கூட அன்று கிடையாது. மாலுமிகள் அந்தப் புளித்த கோஸைத் தொடவில்லை. குக் அதட்டவில்லை. தினமும் அதிகாரிகள் மேசையில் அதைப் பரிமாறச் செய்தார். மாலுமிகளில் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் விடலாம் என்றார். ஒரு வாரத்துக்குள் எல்லோரும் கேட்க ஆரம்பித்து, அளவு வைத்துப் பங்கிட வேண்டியதாகிவிட்டது.

அதனால் ஃப்ரிட்ஜில் இருக்கும் தாளைக் கழற்றிவிடுங்கள். ஒரு வாரம் அவரிடம் காய்கறியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். கோப்டோ மாதிரி பிசைந்த முருங்கைக்கீரையை ஒரு நல்ல கிண்ணத்தில் உங்கள் பக்கத்தில் மட்டும் வைத்துச் சாப்பிடுங்கள். அவர் கேட்காமல் பரிமாறாதீர்கள். எட்டாவது நாள் கிண்ணம் எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதுங்கள், கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.